எனிட்டின் ஆரஞ்சுக் கோட்டு

எங்கள் ஊர்த் தூண்டில்காரர்களை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். அவர்கள் குடிக்கிற பீரில்தான் என் மதுக்கடையின் கூரை ஒழுகாமல் நிற்கிறது. ஆனாலும், கொட்டுகிற மழையில் நாள் முழுக்கக் குடைக்கடியில் குந்தியிருந்து, ஒரு மீனைப் பிடித்து, முத்தம் கொடுக்காத குறையாக அதனோடு படம் எடுத்துக்கொண்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிற ஜனங்களை என்னவென்று சொல்வது? தின்னவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். இந்தக் கூட்டத்திலேயே முற்றிய பைத்தியம் எனிட் ஸ்டாலர்ட். அவளுக்கு நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

எனிட் ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். நெட்டை உடம்பு, கட்டைக் குரல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செவர்ன் ஆறுதான் அவள் புருஷன் என்று ஊரில் கேலி பேசுவார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை ஆற்றில் தூண்டில் போடத் தடை. மீன்கள் சரளைக்கல்லில் உரசி முட்டையிடும் காலம் அது. அந்த மாதங்களில் மீன்பிடிச் சங்கத்தின் சார்பில் கரைக்காவல் எனிட்தான், சம்பளம் கிடையாது. சங்கம் கொடுத்த ஆரஞ்சு நிறக் கோட்டு ஒன்று என் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். தடை தொடங்கும் நாள் வந்து எடுத்துக்கொள்வாள், தடை முடிந்ததும் துவைத்து அதே ஆணியில் மாட்டிவிடுவாள். மற்ற மாதங்களில் அதை அவள் தொட்டதே இல்லை.

காவலில் அவளுக்கு ஈவிரக்கம் கிடையாது. போன வருஷம் பண்ணையில் தண்ணீர்விட்டான் குருத்து வெட்டும் கூலிவேலைக்கு வந்த போலந்துக்காரப் பையன் மாரெக், சட்டம் தெரியாமல் தூண்டில் போட்டு மாட்டிக்கொண்டான். கையெடுத்துக் கும்பிடாத குறை. "உங்க பேரு என்ன?" என்று ஆரம்பித்துவிட்டாள். அவன் அபராதம் கட்டினான். நான் எனிட்டைப் பிடித்துத் திட்டினேன்.

"மனசே இல்லையாடி உனக்கு? பாவம், பஞ்சம் பொழைக்க வந்த பையன்."

"என் தங்கச்சி மகனையே புடிச்சுக் குடுத்தவ நான். ஆள் பாத்து விட ஆரம்பிச்சா அப்புறம் காவல் எதுக்கு டிலிஸ்?"



அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு கூட்டாளி, லென் பாப். சங்கத் தலைவன். கறிக்கடை வைத்திருந்தவன், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதம். தடை நீங்குகிற அன்று விடியலில் ஒரே பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்தபடி பக்கத்தில் பக்கத்தில் தூண்டில் போடுவார்கள். கிறிஸ்துமஸ் சாப்பாடு அவளுக்கு லென் வீட்டில்தான். நாலு வருஷம் முன்பு அணைக்கட்டு ஓரம் வழுக்கி விழுந்து, கணுக்கால் உடைந்து, எழுந்திருக்க முடியாமல் அவள் கிடந்தபோது தேடிப்போய்த் தூக்கி வந்தவனும் அவன்தான். அதற்குப் பிறகு கோலூன்றித்தான் நடப்பாள், காவலுக்குக் கிளம்பும் முன் தினமும் அவனுக்குப் போன் போடுவாள். "இன்னிக்கு சர்ச் கரை" அல்லது "இன்னிக்கு ஆலைக் கரை". எங்கேயாவது விழுந்து கிடந்தால் தேடிவர ஓர் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

இந்த மே மாதம் சங்கக் கூட்டம் என் கடைப் பின்கட்டில் நடந்தது. தடைக்காலம் தொடர வேண்டுமா, எடுத்துவிடலாமா என்று அரசு மேலிடத்திலிருந்து எல்லாச் சங்கங்களையும் கேட்டிருந்தார்கள். தூண்டில் கடை வைத்திருக்கும் ட்ரெவர் நிண்ட் முதலில் எழுந்தான்.

"ஏரியில வருஷம் பூரா புடிக்கலாம், கால்வாயில புடிக்கலாம், ஆத்துல மட்டும் என்னய்யா தனிச் சட்டம்? சாக்கடைய ஆத்துல தொறந்து விடுறானே, அவனுக்கு உண்டா தடைக்காலம்? நாம கரையில உக்காந்திருந்தா மீன் திருட ஒருத்தன் வருவானா?"

கைதட்டல். உண்மையைச் சொன்னால் எனக்குமே அவன் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. எனிட்டுக்கு மேடைப் பேச்சு வராது. "மீனு வயித்துச் சுமையோட வர்ற நேரம். அப்பவாவது அத சும்மா விடக்கூடாதா?" என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒருவன் பின்னாலிருந்து, "மீனுக்கு மருத்துவச்சி வந்திருக்காங்கப்பா!" என்று கத்தினான்.

அப்போது லென் எழுந்தான். அடடா, என்ன பேச்சு! "மூணு மாசம் தூண்டிலத் தொடாம ஒருத்தனால இருக்க முடியலன்னா அது பொழுதுபோக்கு இல்லப்பா, வியாதி. டாக்டர்கிட்ட போ," என்றான். கூடமே சிரித்தது. கை தூக்கச் சொன்னபோது, தடை வேண்டும் என்பதற்கே அதிகக் கைகள். எனிட் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

கடைசியில் பரிசுக் கோப்பை கொடுத்தார்கள். அந்தப் பருவத்தின் பெரிய மீன் லென்னுடையது. பார்பெல் என்கிற மீசைக்கார மீன், ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும். அக்டோபரில் பிடித்ததாம். பெரிதாக அச்சடித்த படத்தைத் தாங்கியில் வைத்திருந்தார்கள். வாழ்நாளில் பிடித்த பெரிய மீனை ஊருக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ள இந்தக் கூட்டத்தில் எவனாலும் முடியாது, அவனாலும் முடியவில்லை. எல்லோரும் மீனைப் பார்த்துவிட்டு அவன் முதுகில் தட்டினார்கள்.

நான் தட்டோடு அந்தப் பக்கம் போனபோது, எனிட் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படத்தோடு ஒட்டி நின்றாள். லென் மீனோடு மண்டியிட்டிருக்கிறான். அவன் தோளுக்குப் பின்னால் ஆறு. எதிர்க்கரையில் முள்வேலி முழுக்க, மே மாதத்தில் மட்டும் பூக்கிற வெள்ளைப் பூ. அந்த வெள்ளைக்கு முன்னால் நகக்கண் அளவுக்கு ஆரஞ்சாக ஒரு பொட்டு, கையில் ஊன்றுகோலோடு.

"டிலிஸ், அக்டோபர்ல என் கோட்டு எங்க இருந்துச்சு?"

"எங்கிட்டதான், ஆணியில."

"அப்ப இது யாரு?" என்று அந்தப் பொட்டின்மேல் விரலை வைத்தாள்.

அப்படியானால் தடைக்காலத்தில் பிடித்த மீன்! தட்டை லென் தலையில் கவிழ்த்திருப்பேன். அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "இப்ப வாயத் தொறக்காத. தலைவனே புடிக்கிறான், அப்புறம் தடை எதுக்குன்னு கேப்பாங்க. ஓட்டே போயிடும்." பிறகு வரிசையில் போய் நின்று லென்னுக்குக் கைகொடுத்தாள். அடுப்படிக்கு வந்த பிறகுதான் உடைந்தாள். "எந்தக் கரையில நடக்குறேன்னு நானே தினமும் அவனுக்குச் சொல்லியிருக்கேன்டி. நானே!"

மறுநாள் காலை கோட்டோடு என் அடுப்படிக்கு வந்து நின்றாள். நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு லென்னுக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கு சர்ச் கரை, லென். பாலம் வரைக்கும்."

"சரிம்மா. பாத்து நட, புல்லெல்லாம் ஈரமா இருக்கு. வந்ததும் ஒரு குரல் குடு."

எவ்வளவு கரிசனம் அந்தக் குரலில்! அவள் போனை வைத்துவிட்டு, "வண்டிய எடு, ஆலைக் கரைக்கு," என்றாள்.

வழி முழுக்க அவனுக்காக அவளே வாதாடிக்கொண்டு வந்தாள். "வரமாட்டான். நேத்து அவ்வளவு பேசியிருக்கான். போன வருஷம் ஏதோ சபலம், ஒரே ஒரு நாள்." அவன் அங்கே இருக்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள். கையும் களவுமாக மாட்டட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

ஆலைக்குப் பின்னால் அவன் பச்சை வேன் நின்றது. தழைந்த வில்லோ மரத்தடியில் முக்காலி போட்டு, தண்ணீரில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான் லென். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"யாரு, ட்ரெவரா? தைரியமா வாப்பா. கெழவி இன்னிக்கு சர்ச் கரையில."

எனிட் அசையாமல் நின்றாள். பதில் வராததால்தான் அவன் திரும்பினான். 

"எனிட்... நீ அந்தப் பக்கம்னு..."

"உங்க பேரு என்ன?"

"வெளையாடாத எனிட்."

"பேரு."

"என் பேர எழுதிக் குடுத்தா நேத்துப் போட்ட ஓட்டு என்ன ஆகும்னு யோசிச்சியா? எனக்காகச் சொல்லல, உன் மீனுக்காகச் சொல்றேன்."

கேட்டீர்களா நாக்கு புரள்வதை! எனக்குக் கை துறுதுறுத்தது. எனிட் குறிப்பேட்டைத் திறந்தாள்.

"உங்க பேரு என்னன்னு கேட்டேன்."

"லெனார்ட் பாப்," என்றான் தரையைப் பார்த்து.

"விலாசம்?"

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் போய்ச் சாப்பிட்ட வீட்டின் விலாசத்தை, தெரு, கதவு எண் எல்லாம் அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். அவளும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அவன் மிரட்டியதுபோலவே ஆயிற்று. விஷயம் வெளியே வந்ததும் ட்ரெவர் மறுபடி கூட்டம் போட வைத்தான். இந்த முறை, தடை வேண்டாம் என்று சங்கம் எழுதி அனுப்பியது. அன்று கை தூக்கியவர்களில் எத்தனை பேர் அவள் எந்தக் கரையில் நடக்கிறாள் என்று லென்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களோ, யார் கண்டது? லென்னை ஒருவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனிட் வந்தால் மட்டும் மேசையில் பேச்சு நின்றுவிடும்.

மேலிடம் முடிவு சொல்லும்வரை சட்டம் சட்டம்தான் என்று அவள் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தனியாக எங்கேயாவது விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்று சண்டை போட்டு, இனிமேல் எனக்குப் போன் போடு என்று சத்தியம் வாங்கினேன். சொன்னபடி மறுநாள் காலை போன் வந்தது.

"டிலிஸ், நான் கெளம்பிட்டேன்."

"எந்தக் கரை?"



"அத வந்ததும் சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.