முதலைக்கு நான் போட்ட கோழி

கெய்மன் முதலைகள் பற்றிப் போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். தென் அமெரிக்காவின் சதுப்புகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் வாழ்பவை. கோடையில் வற்றாத தண்ணீர், வெயில் காய ஒரு கரை, முட்டையிடப் புதர், மனிதர் தொந்தரவில்லாத தூரம், இவை வேண்டும் என்று பெரிய மனுஷனாகப் பட்டியல் போட்டேன். "நம்ம பக்கம் என்ன இருக்கு?" என்று சிலர் கேட்டீர்கள். கெய்மன் இல்லை, அதன் உறவான நம் முதலை ஒன்று பழனிக்கு அப்பால் ஒரு குளத்தில் இருப்பதாகக் கேள்வி. போன ஞாயிறு கிளம்பினேன்.

திண்டுக்கல்லிலிருந்து காலை ஆறு மணிக்கு பைக். ஒட்டன்சத்திரத்தில் டீ. எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, போகவரப் பெட்ரோல் முந்நூற்றைம்பது ரூபாய். ஒன்பது மணிக்கு எதிர்க்கரையில் முதலை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. போனில் எடுத்தால் கறுப்புக் கோடுதான். அத்தனை தூரம் போய் வெறும் கோட்டுப் படத்தையா இங்கே போடுவது?

ஊர் முனை பிராய்லர் கடையில் கோழிக்குடல் கேட்டேன்.

"மீன் புடிக்கவாங்க?"

ஆமாம் என்றேன். வெளிச்சம் நன்றாக இருந்த படித்துறையில் நின்று தண்ணீரில் வீசினேன். முதலை வந்தது. வீடியோ பிரமாதம்.

பின்னால் மூன்று பெண்கள், துணிமூட்டையோடு.

"ஏனுங்க, என்னத்தப் போட்டீங்க?" என்றார் ஒருவர்.

"ஒண்ணுமில்லீங்க." காலிப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"இத்தன வருசமா அது அந்தக் கர, நாங்க இந்தக் கரைங்க. இனி இங்கதான் வந்து நிக்கும். பாரஸ்ட்டு ஆபீசுல சொன்னாப் புடிச்சுட்டுப் போயிருவாங்க. சொல்லாட்டி நாங்க எப்புடி எறங்கறது? நீங்க வண்டிய எடுத்துட்டுப் போயிருவீங்க!"

"தெரியாமச் செஞ்சுட்டேங்க" என்றேன். தெரிந்துதான் செய்தேன். முதலை தலையைத் தூக்கியபடி அங்கேயே நின்றது. அதைப் பார்த்துவிட்டு, அழுக்குத் துணியோடு அவர்கள் திரும்பினார்கள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அம்புட்டு வெட்கம்.

போகிறவர்களுக்கு: காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். கரைமேலேயே நில்லுங்கள். பைனாகுலர் கொண்டுபோங்கள், தின்பதற்கு எதுவும் வேண்டாம். குளத்தின் பெயரைக் கேட்காதீர்கள், வீடியோவையும் அழித்துவிட்டேன்.

மனசு கேட்காமல் நேற்று மறுபடி போனேன். படித்துறையை மறித்துக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். துவைக்க ஒருவரும் இல்லை. நான் வண்டியை விட்டு இறங்கிக் கரையில் நின்றதும், எதிர்க்கரையிலிருந்து அது நேராக என்னைப் பார்த்து நீந்தி வந்தது.