வரிசை நீண்டிருந்த அறை

மெய்னிர், தென் வேல்ஸில் ஒரு பள்ளத்தாக்கு ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது ஆண்டு வேலை பார்த்தவள். மூன்று குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போய்க் கணிதம் படித்தாள். நாற்பத்தோராவது வயதில் இரண்டு பல்கலைக்கழகங்கள் அவளுக்கு இடம் தர முன்வந்தன. ஒன்று கடலோரம், இன்னொன்று ஆற்றோரம். இரண்டுக்கும் ரயிலில் ஒரு மணி நேரம். பாடங்களும் கிட்டத்தட்ட ஒன்று, கடைசிப் பரீட்சையில் எடுக்கச் சொன்ன மதிப்பெண்ணும் ஒன்று. ஜூன் முதல் வாரத்துக்குள் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும்.

அவள் கணவன் கெத்தின் பஸ் ஓட்டுபவன். இரண்டு பல்கலைக்கழகக் கையேடுகளையும் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு அவள் வாரக்கணக்கில் பார்ப்பதைக் கண்டு அவள் தங்கை நெஸ்டாவுக்குச் சிரிப்பு வந்தது.

"கெத்தினைக் கட்டிக்கிறதுக்குக்கூட நீ இவ்ளோ யோசிக்கலையேக்கா."

"அதான் இப்ப உஷாராயிட்டா," என்றான் கெத்தின், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

மெய்னிரும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு இருந்த பயம் வேறு. புரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. பதினாறு வயதில் இயற்கணிதத்தில் ஓரிடத்தில் சிக்கி, யாரிடமும் கேட்காமலே இருந்து, படிப்பையே விட்டவள். மாலை வகுப்பில் நான்கு பேர்தான். ஆசிரியர் தானாக மேசைக்கு வருவார். இருநூறு பேர் உட்காரும் கூடத்தில் யார் வருவார்கள்? தப்பான இடத்தைத் தேர்ந்தெடுத்தால் கிறிஸ்துமஸுக்குள் படிப்பு நின்றுவிடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பல்கலைக்கழகங்கள் பார்வையாளர்களுக்கென்று வைக்கும் நாளில் அவள் போகவில்லை. விருந்தாளி வரும் நாளில் எந்தச் சமையலறையும் பளபளவென்றுதான் இருக்கும். முன்கூட்டி எழுதிக் கேட்டுக்கொண்டு, சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளில் போனாள். இரண்டு இடத்திலும் கணிதத்தில் சந்தேகம் கேட்க ஓர் அறை உண்டு. அதை மட்டும் பார்த்தால் போதும் என்றிருந்தாள்.

கடலோரத்தில் அந்த அறை அழகாக இருந்தது. மெத்தை நாற்காலிகள், அகலமான சன்னல். உள்ளே ஓர் ஆசிரியை மட்டும் தனியாக இருந்தார். மெய்னிரைப் பார்த்ததும் எழுந்து, அன்பாகப் பேசினார். ஒரு மணி நேரத்தில் வேறு யாரும் வரவில்லை.

ஆற்றோரத்தில் அது அடித்தளத்தில் ஓர் இடுக்கு அறை. நனைந்த கோட்டுகளோடு நடைவழி வரை வரிசை நின்றது. உட்கார இடமில்லை. வரிசையில் ஒரு மாணவி பின்னால் நின்றவனிடம், தனக்கு மூன்றாவது கணக்கிலேயே முதல் வரி புரியவில்லை என்று வானிலையைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கெத்தின் கடலோரம்தான் என்று முடிவு கட்டிவிட்டான். "அங்க போனா போனவுடனே சொல்லித் தருவாங்க. இங்க எதுக்குக் கால் கடுக்க நிக்கணும்?"

மெய்னிர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"காலியா இருக்கிற ரூமுக்குள்ள நான் நுழையவே மாட்டேன், கெத்தின். வாசல் வரைக்கும் போய்ட்டு அப்படியே திரும்பிடுவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் அவனிடம் இதைச் சொன்னதில்லை. அன்று மாலையே அவள் ஆற்றோரத்தை உறுதி செய்தாள். ஆகஸ்டில், அவர்கள் கேட்ட மதிப்பெண்ணும் வந்தது.

அக்டோபர் மூன்றாம் வாரம் ஒரு தேற்றம் அவளுக்குப் பிடிபடவில்லை. அடித்தளத்துக்கு இறங்கி நாற்பது நிமிடம் வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும் நோட்டைத் திறந்து, "இது எனக்குச் சுத்தமா புரியல," என்றாள். அங்கிருந்தவர் விளக்கினார். எங்கே, இப்போது நீங்கள் சொல்லுங்கள் என்றார். சொல்லத் தொடங்கி, பாதியில் மாட்டிக்கொண்டாள்.

நோட்டை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். வரிசையின் கடைசி ஆள் யாரென்று கேட்டு, அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.