ஆறு மணிக்குப் படியில் கிடக்கும் செருப்புகள்

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஏழுமலையின் ஆட்டோ இரும்புலியூரில் எங்கள் அடுக்ககத்தின் வாசலுக்கு வந்தது. நானும் என் மகள் நிவேதாவும் ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஏறினோம். தாம்பரம் ஸ்டேஷனுக்கு நூறு ரூபாய்.

"இன்னா டீச்சர், ரெண்டு நாளு லீவு வுட்டுட்டாங்களா ஸ்கூல்ல?" என்றார் ஏழுமலை.

வீடு பார்க்கப் போகிறோம் என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். தென் மாவட்டம் என்றதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அம்மாந் தூரமா? ஊரப்பாக்கத்துல பாப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க பூட்டீங்கன்னா எனக்குக் காலைல சவாரி பூடுமே டீச்சர். ஜிஎஸ்டி ரோடு பேஜாராதான் கீது, அதுக்காக ஊரையே மாத்துவாங்களா?"

ஜிஎஸ்டி சாலைதான் காரணம், ஆனால் அவர் நினைத்த விதத்தில் அல்ல. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு மாலை, மேடவாக்கத்தில் டியூஷன் முடித்து வந்து ஜிஎஸ்டி சாலை நிறுத்தத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கிய நிவேதாவை ஒருவன் பைக்கில் பின்தொடர்ந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். "அப்பாதான் அனுப்பிச்சாரு, ஏறு" என்று பையின் வாரைப் பிடித்து இழுத்திருக்கிறான். வார் அறுந்தது. அவள் விழுந்து எழுந்து ஓடி ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்தாள். நிறுத்தத்தில் இருபது பேராவது இருந்தார்களாம், ஒருவரும் திரும்பவில்லையாம். இதெல்லாம் மருந்துக் கடைக்காரர் எனக்குச் சொன்னது. போலீஸில் புகார் கொடுத்தும் அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. அவளுடைய பெயர் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதும் தெரியாது.

அன்றிலிருந்து நான் வகுப்பில் பாடம் நடத்தும்போதும் மேசைக்கடியில் போனைத் திறந்து, வரைபடத்தில் அவள் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கணவருக்குத் தென் மாவட்டச் சிறு நகரம் ஒன்றின் வங்கிக் கிளைக்கு மாற்றல் கிடைக்கும் என்றார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. எனவே பார்த்து முடிவெடுத்து வரும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. கோவில்பட்டிக்குத் தெற்கே, தாம்பரத்திலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒரு நகராட்சி. இவ்வளவு போதும்.

ரயிலில் எதிர் இருக்கையில் அதே ஊர்க்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார். கையில் தாம்பரம் சந்தையில் வாங்கிய எவர்சில்வர் தூக்கு.

"எந்தத் தெருவுக்குப் போறிய?"

சொன்னேன். அவர் நிவேதாவை ஒரு முறை தலை முதல் கால் வரை பார்த்தார். "அப்ப கவலையே இல்ல. அந்தத் தெருவுல ஈ பறந்தாலும் எந்த வீட்டு ஈன்னு கேப்பாவ" என்று சிரித்தார். செங்கல்பட்டு தாண்டியதும் யாருக்கோ போன் செய்து தாழ்ந்த குரலில் பேசினார். பேச்சில் "தாம்பரம்" என்று ஒரு முறை கேட்டது.

சனிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு இறங்கினோம். நிலையத்துக்கு வெளியே மூன்றே ஆட்டோக்கள். முதல் ஓட்டுநர் என் பையை வாங்கி உள்ளே வைத்தார். நான் முகவரிச் சீட்டைத் தேடுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

"அண்ணே, அட்ரஸ் சொல்லலையே?"

"தாம்பரம் டீச்சர்தான? சங்கரலிங்கம் அண்ணாச்சி வீடு. தெரியும்."

இரண்டு கிலோமீட்டர், அறுபது ரூபாய். வழியில் மளிகைக் கடை வாசலில் நின்றவர்கள் நிவேதாவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் வக்கிரம் எதுவும் இல்லை. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது நான் பிள்ளைகளைப் பார்ப்பேனே, அப்படி.

தெருவில் நாற்பது வீடுகள் இருக்கும். நாய் இல்லை. குப்பை இல்லை. எல்லா ஜன்னல்களிலும் மேல் கதவு சாத்தி, கீழ்க் கதவு திறந்திருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சி, தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிறார். காலியாக இருந்த வீட்டைத் திறந்துவிட்டு, "ஒரு ராத்திரி தங்கிப் பாருங்க டீச்சர். பொறவு முடிவு பண்ணுங்க" என்றார். இரண்டு படுக்கையறை, பின்கட்டில் உப்பில்லாத கிணறு, வாடகை எட்டாயிரம். இரும்புலியூரில் அந்தத் தொகைக்கு ஒரு அறையும் லாரித் தண்ணீருக்குச் சண்டையும்தான் கிடைக்கும்.

அவருடைய மனைவி பார்வதி அக்கா இட்லியும் கடலைச் சட்னியும் கொண்டுவந்தார். "பிள்ள ஒத்தைக்கு ஒண்ணா?" என்று கேட்டார். நான் தலையாட்டுவதற்கு முன்பே, "பைக்குல வந்தவன் இழுத்தானாமே, முழங்கை ஆறிட்டா?" என்றார்.

நான் அவரிடம் அதைச் சொல்லவே இல்லை. ரயிலிலும் சொல்லவில்லை. நிவேதா இட்லியைப் பிட்டபடி முழங்கையை மடியில் மறைத்துக்கொண்டாள்.

பகலில் பள்ளியைப் பார்த்தோம், கடைத்தெருவைப் பார்த்தோம். எங்கே போனாலும் யாராவது ஒருவர் பத்தடி பின்னால் வந்தார். தெரு முனையில் அவர் நின்றுவிட, அடுத்த தெருவில் வேறொருவர். எனக்குப் பயமாகவும் இருந்தது. இத்தனை கண்களை மீறி எவன் இவளைத் தொட முடியும் என்று நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பது எனக்குப் புதிது.

நான்கு மணிக்குத் திரும்பினோம். "எப்படி இருக்குடா?" என்றேன்.

"நல்லாருக்கும்மா."

"வந்துடலாமா?"

"சரிம்மா."

ஐந்தரைக்குப் பெண் பிள்ளைகள் இரண்டிரண்டாகத் தெருவுக்குள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டு முதல் படியில் செருப்பைக் கழற்றி, நுனி வீட்டைப் பார்க்கும்படி வைத்துவிட்டு உள்ளே போனாள். ஆண்களின் செருப்பு எங்கும் இல்லை. எவ்வளவு ஒழுங்கு என்று ஜன்னலிலிருந்து ரசித்தேன்.

ஆறு மணி. அக்கம்பக்கத்து டிவி சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. வெளியே பார்த்தேன். எதிர்வரிசை வீடுகளின் வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ஒரு வீட்டில் இருவர், ஒரு வீட்டில் ஐவர். கையில் கரண்டியோடு ஒரு பெண், துண்டால் தலையைத் துவட்டியபடி ஒரு முதியவர். எல்லோரும் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கதவைத் திறந்தேன். அண்ணாச்சி வாசலுக்குக் கீழே நின்றார். படி ஏறவில்லை.

"பிள்ள எங்க டீச்சர்?"

"உள்ளதான் இருக்கா. ஏன் அண்ணாச்சி?"

"செருப்பக் காணல."

எங்கள் அடுக்ககத்தில் வாசலில் விட்ட செருப்பு இரண்டு முறை களவு போயிருக்கிறது. வெளியிலிருந்து வந்தால் செருப்பைக் கையோடு எடுத்துப்போய் குளியலறை ஓரம் வைப்பது எங்கள் பழக்கம். அன்றும் அப்படியே செய்திருந்தோம்.

"பொம்பளப் பிள்ள உள்ள வீடுன்னா ஆறு மணிக்குச் செருப்பு படியில கிடக்கணும். அப்பதான் பிள்ள வந்துட்டுன்னு தெருவுக்குத் தெரியும். ஒரு படி சும்மா கிடந்தா யாரும் உள்ள போவ மாட்டோம்லா" என்றார் அண்ணாச்சி.

நிவேதா ஓடிப்போய் எடுத்துவந்தாள். அத்தனை பேர் பார்க்க, குனிந்து முதல் படியில் வைத்தாள். நுனி தெருவைப் பார்த்திருந்தது. அண்ணாச்சி கையால் சைகை காட்டினார். அவள் திருப்பி வைத்தாள். பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே வந்து சுவரில் சாய்ந்து அழுதேன். அது பயத்தால் வந்த அழுகை அல்ல. ஐந்து நிமிடம் என் பெண்ணைக் காணவில்லை என்று ஒரு தெருவே அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்திருக்கிறது. கணவரை அழைத்து, "மாற்றலுக்குச் சரின்னு சொல்லிடுங்க" என்றேன். நாங்கள் திரும்பியதும் நேரில் பேசிக்கொள்ளலாம் என்றார்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பார்வதி அக்கா காபி கொண்டுவந்தார். வாசலில் நின்று குடித்தோம். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, படியில் கிடந்த செருப்பை எடுத்தார். நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு. பட்டை வெளுத்து ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது, ஆனால் அடிப்பாகத்தில் மண் இல்லை. முந்தானையால் துடைத்து உள்ளே கொண்டுபோகத் திரும்பினார்.

"இந்தச் செருப்புக்கார அக்கா எத்தனாவது படிக்கறாங்க ஆன்ட்டி?" என்று நிவேதா கேட்டாள்.

அவர் திரும்பி நின்று, "பன்னெண்டாவது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

பார்வதி அக்கா குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பிள்ள போயி ஒம்பது வருசம் ஆச்சு டீச்சர்."

"போயின்னா? இறந்து போச்சா?"

"யாருக்குத் தெரியும். ஆறு மணிக்குச் செருப்பு கிடந்துச்சு, எல்லாரும் உள்ள போயிட்டோம். ராத்திரி சோத்துக்குக் கூப்பிடும்போதுதான் ஆளு இல்லன்னு தெரிஞ்சுது. வெறுங்காலோட போயிருக்கா. அவளாப் போனாளா, எவனும் கூட்டிட்டுப் போனானா..."

"தேடலையா? போலீஸ்?"

"தெருப் பேரு கெட்டுரும்லா? அவ அம்மா மறுநாளு ஆறு மணிக்குச் செருப்ப எடுத்துப் படியில வச்சா. இன்னிய வரைக்கும் வைக்கா. நாங்களும் ஒண்ணும் கேக்கல." டம்ளர்களை வாங்கிக்கொண்டார். "இன்னொரு வாய் காபி ஊத்தவா?"

எட்டரை மணி ரயிலில் ஏறினோம். திண்டுக்கல்லில் தயிர்ச்சாதம் வாங்கினோம், நாற்பது ரூபாய் பொட்டலம். நிவேதா பாதியைச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, எனக்கு ஓகேம்மா. நீங்க நிம்மதியா இருப்பீங்கன்னா நான் அங்க வரேன். தினம் செருப்பு வச்சுடறேன்."

இரண்டு மாதமாக நான் எதைக் கேட்டாலும் அவள் சொன்னது 'சரிம்மா', 'நல்லாருக்கும்மா', 'ஓகேம்மா' மட்டுமே. சாப்பிட்டாயா, சரிம்மா. தூங்கினாயா, ஓகேம்மா. படியில் கிடக்கும் செருப்பைப் போல ஒவ்வொன்றையும் பார்த்துத் திருப்தியாகி நான் என் வேலைக்குத் திரும்பியிருக்கிறேன்.

"நாம அங்க போகல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நம்பவில்லை.

"நிஜமாதான். அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அப்ப திரும்ப அதே பஸ்ஸுதானா?" என்று கேட்டுவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விழுப்புரம் கடந்தது. மேல்மருவத்தூர் அருகே வெளியே இருட்டத் தொடங்கியபோது, மருந்துக் கடைக்காரரிடம் கேட்டதை, போலீஸ்காரரிடம் கேட்டதை, அவளிடம் முதல்முறையாகக் கேட்டேன்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு நிவி?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். கடைக்காரர் சொன்னதில் பாதி தவறு. அவர் அறியாதது நிறைய இருந்தது. அது அந்த ஒரு மாலையில் தொடங்கியதும் அல்ல. அவள் சொன்னதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. செங்கல்பட்டு வந்தது, போனது. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர். தாம்பரத்தில் இறங்கியபோது அவள் முடித்திருக்கவில்லை.

பிளாட்பாரத்தில் பெட்டிகளும் மூட்டைகளுமாக நூற்றுக்கணக்கானவர்கள் எங்களைக் கடந்து போனார்கள். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. அது எனக்கு இரண்டு மாதமாகத் தந்த பயத்தையே இப்போதும் தந்தது. வெளியே காத்திருந்த கணவர் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. காலியாக இருந்த பெஞ்சில் பையை வைத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம்?" என்றேன்.