ஆடக் கூடாது, நடக்கலாம்

சர்ச் ஸ்ட்ரீட் பப்களில் ஆடக் கூடாது என்று தடை இருந்த வருஷங்கள் உண்டு. இன்றைக்குச் சொன்னால் ஒரு பயலும் நம்ப மாட்டேன் என்கிறான். பீர் குடிக்கலாம், பாட்டுக்குத் தலையாட்டலாம்; எழுந்து இடுப்பை அசைத்தால் பப்பின் லைசென்ஸ் போய்விடும். லிங்கராஜபுரத்திலிருந்து வந்து அங்கே பவுன்சராக நின்றேன். இந்த ஆறடி உடம்பை வைத்துக்கொண்டு நான் செய்த வீர வேலை என்ன தெரியுமா? ஆடுகிறவர் தோளைத் தட்டி, "உக்காருங்க சார்" என்பது. கர்மம்!

ஆனாலும் அந்தத் தெரு என்றால் எனக்கு உயிர். ஒரு காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் சுற்றிய தெரு. இப்போது சாயங்காலமானால் ஐ.டி. பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து இறங்குவார்கள், கல்யாண வீட்டு வாசல் தோற்றுவிடும்.

எங்கள் பப் இருந்த இடத்தில் முன்பு டான்ஸ் ஹால் இருந்ததாம். சொன்னது, சனிக்கிழமை தவறாமல் வந்து ஜன்னலோர டேபிளில் உட்காரும் ஒரு வயதான ஜோடி. எங்கள் சர்ச்காரர்கள்தான், அங்கிள், ஆன்ட்டி என்பேன். அவர்கள் முதன்முதலில் சேர்ந்து ஆடியது அந்த ஹாலில்தான்.

ஒரு சனிக்கிழமை அங்கிள் என் கையைப் பிடித்தார். "செவ்வாய்க்கிழமை ஆஸ்திரேலியா போறோம்பா, மகன்கிட்ட. இனிமே வர மாட்டோம். ஒரே ஒரு பாட்டுக்கு ஆடிக்கிறோம்."

"என் வயித்துல அடிக்காதீங்க அங்கிள்," என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். ஆன்ட்டி அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். "விடுங்க, பாவம் அவன்," என்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். நான் கவுன்டர் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அங்கிள், ஆடத்தான் கூடாது. கவுன்டர் வரைக்கும் நடக்கலாம். மெதுவா நடங்க."

கிழவருக்குப் பளிச்சென்று புரிந்தது. ஆன்ட்டியின் கையைப் பிடித்து எழுப்பினார். பாட்டுக்கு ஒரு அடி, நின்று, இன்னொரு அடி. இருபது அடி தூரத்துக்கு முழுப் பாட்டும் ஆனது. பாதி வழியில் ரோந்து கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது, டான்ஸா?"

"வயசானவங்க சார். நடக்கறாங்க."

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "நிதானவாகி ஹோகலி பிடு," என்றார் கன்னடத்தில். மெதுவாகவே போகட்டும் விடு என்று அர்த்தம். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, பாட்டு முடிகிறவரை வாசலிலேயே நின்றார். மகராசன்!

தடை போய் வெகு காலம் ஆகிறது. நான் இப்போது அதே பப்பில் மேனேஜர். போன மாதம் அங்கிள் போன் செய்தார். ஆன்ட்டி போய்விட்டாராம்.

"நம்ம டேபிள் இருக்காப்பா?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல அங்கிள். அதை எடுத்துட்டு, ஆடறதுக்கு இடம் விட்டிருக்கோம்."

பிறகு, "இப்ப யாராவது ஆடறாங்களா?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். "ஆடறாங்க அங்கிள்."

"போனை அந்தப் பக்கம் காட்டு, ராஜா," என்றார். பாட்டு முடிகிறவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.