எலேனின் வீட்டைக் காலி செய்ய சாரத்துக்குப் போனேன்

புதுச்சேரிக்கு நான் போனது கடற்கரை பார்க்கவோ, குரோசான் சாப்பிடவோ இல்லை. என் தோழி எலேன் வாடகை வீட்டைக் காலி செய்வதாக முடிவெடுத்திருந்தாள். அதை வீட்டுக்காரம்மாவிடம் மரியாதையான தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாள். பிப்ரவரி மாதம், வெயில் இன்னும் தன் வேலையைக் காட்டத் தொடங்காத நேரம். நான் திருச்சிக்காரி. மூன்று நாள் லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன்.

எலேனைத் தெரியாதவர்களுக்கு: நான் பிரான்சில் நாந்த் நகரத்தில் மூன்று வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தபோது பக்கத்து மேசைக்காரி. எனக்கு ஐந்து வயது மூத்தவள், ஐம்பதைத் தாண்டிவிட்டாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அவள் கம்பெனி சொன்னதும், குளிரைத் தலைமுழுகிவிட்டு புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தாள். ஒன்றரை வருடம் ஆகிறது. நாங்கள் பேசிக்கொள்வது பிரெஞ்சில்தான், இங்கே தமிழில் தருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். இருநூறு கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருநூற்றுப் பத்து. விழுப்புரத்தில் ஒரு டீ. பத்தே முக்காலுக்குப் புதுச்சேரி பேருந்து நிலையம். அங்கிருந்து எலேன் குடியிருக்கும் சாரம் பகுதி இரண்டரை கிலோமீட்டர்தான் இருக்கும். ஆட்டோக்காரர் நூற்றைம்பது என்றார்.

"ரெண்டரை கிலோமீட்டருக்கா?" என்றேன்.

"வெயிலு இருக்குது இல்லம்மா. எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னேன். "ஓ, அந்த மதாம் இருக்கற வீடா? சைக்கிள்ல கருவேப்பில மாட்டிக்கினு போவும். நூத்தி இருவது குடுங்க, வாங்க."

மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ஊரில் கருவேப்பிலையால் அடையாளம் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டவள், எதற்காகக் கிளம்ப வேண்டும்?

மாடிக்குப் போனதும் அவள் காட்டிய முதல் பொருள் ஒரு ஜோடி தோல் செருப்பு. மழைக்காலத்தில் பூசணம் பிடித்துப் பச்சையாகிவிட்டது. லேப்டாப்பின் கீபோர்டுக்குள் எறும்பு குடியேறியிருக்கிறது. முக்கியமான மீட்டிங் நடக்கும்போது சரியாகக் கரண்ட் போகிறது. விசா நீட்டிக்க ஒரு காகிதத்துக்கு நான்கு முறை அலைந்திருக்கிறாள். இதையெல்லாம் குறையாக இல்லாமல், பிள்ளை செய்த சேட்டையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். காலையில் வாங்கும் சூடான ரொட்டி, மத்தியானம் மூன்று மணிக்குப் போடும் தூக்கம், மொட்டை மாடியில் தானே வளர்த்த கத்திரிக்காய் பற்றியும் அதே மூச்சில் சொன்னாள். ஆனால் ஓரமாக இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒன்றில் பாதித் துணி அடுக்கியிருந்தது.

பிரச்சினை கீழ் வீட்டில். வீட்டுக்காரம்மா பிலோமினா அக்காவும் அவர் கணவர் சவரிமுத்து அண்ணனும் கீழே குடியிருந்தார்கள். அண்ணன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் மாடியைப் பார்த்து "பொன்ழூர் மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வாராம். அக்கா மீன் குழம்பு கொடுத்து அனுப்புவார், கோயில் திருவிழாவுக்கு இழுத்துக்கொண்டு போவார். நவம்பர் மழையில் அண்ணன் திடீரென்று இறந்துபோனார். அன்றிலிருந்து அக்கா இவளோடு பேசுவதில்லை. வாடகையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார், அவ்வளவுதான். "அவங்களுக்கு வீடு தேவைப்படுது. வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படறாங்க. இந்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுது. ஞாயிற்றுக்கிழமை நாமளே சொல்லிடலாம்" என்றாள் எலேன். சொல்லும்போது அழுதாள். இந்த ஊரை விட்டுப் போக அவளுக்கு ஒரு துளிகூட விருப்பம் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வந்த வீட்டில் பெரியவர்களைப் பார்க்காமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. மதியம் கீழே இறங்கினேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஊர், பேர் எல்லாம் விசாரித்தார். நான் வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டேன்: "அண்ணன் தவறிட்டாருன்னு எலேன் சொன்னா. எப்படிக்கா ஆச்சு?"

அக்காவின் கை நின்றுவிட்டது. "சொன்னிச்சா? அதுக்கு ஞாபகம் இருக்குதா?" என்றார். "நீ திருச்சிலேந்து வந்து கேக்கற. மாடில இருக்கறவ ஒரு வார்த்த கேக்கலம்மா. இதோ இங்கதான் பொட்டி வெச்சிருந்துது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிங்ககூட வந்து நின்னாங்க. மாடில லைட்டு எரியுது, எறங்கி வரல. எட்டு நாளு கழிச்சி ஒரு பூங்கொத்து வெச்சிட்டுப் போயிருந்திச்சு, பொறந்த நாளுக்குக் குடுக்கற மாதிரி."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததோடு பழைய வலி ஒன்றும் வந்தது. நாந்தில் இருந்தபோது என் அப்பா இறந்தார். மறுநாள்தான் விமானம். அந்த ஒரு நாள் முழுக்க அறையில் தனியாகக் கிடந்தேன். எலேன் வந்தாள், கதவைத் தட்டாமல், கைப்பிடியில் சூப் டப்பாவை மாட்டிவிட்டு, "தொந்தரவு செய்ய விரும்பவில்லை" என்று மெசேஜ் போட்டுவிட்டுப் போய்விட்டாள். இவளெல்லாம் மனுஷியா என்று அன்றைக்கு நினைத்தேன். அவர்கள் ஊரில் அதுதான் மரியாதை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நம் ஊரில் கல்யாணத்துக்கு வராதவரை மறந்துவிடுவோம். சாவு வீட்டுக்கு வராதவரை மறக்கவே மாட்டோம். இதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

மேலே போய்ச் சொன்னேன். சூப் கதையையும் சேர்த்துத்தான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜன்னலை எல்லாம் சாத்திட்டு, சத்தமே போடாம ஒரு வாரம் இருந்தேன். அழற வீட்டுல அந்நியக்காரி போய் நிக்கறது அசிங்கம் இல்லையா? எப்படிச் செத்தார்னு கேக்கறது காயத்தைக் கிளறுறது இல்லையா?" என்று கத்தினாள். இங்கே அது கிளறுவது இல்லை, கேட்காமல் விடுவதுதான் காயம் என்றேன். அன்று முழுக்க இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவளே எழுப்பினாள். சைக்கிளில் வைத்திக்குப்பம் போனோம், சாரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். படகு வந்து சேர்ந்த நேரம். எலேன் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, பாதி விலைக்குக் கேட்டாள். மீன்கார அம்மா, "தோ பார்றா, எனக்கே கத்துக் குடுக்குது!" என்று பக்கத்துப் பெண்களிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, அரைக் கிலோ சங்கராவை நூற்றறுபதுக்குக் கொடுத்தார். திரும்பும் வழியில் எலேன் சைக்கிளை நிறுத்திவிட்டு, "இப்பப் போய் துக்கம் கேட்டா ரொம்ப தாமதமா?" என்று கேட்டாள். வருஷம் திரும்புவதற்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றேன். "போன பிறகும் அவங்க முகம் மாறலேன்னா, நாளைக்கு காலி பண்றதாச் சொல்லிடு" என்றாள். சரி என்றேன்.

அன்று மாலை ஐந்து மணிக்குக் கீழ் வீட்டுக்குப் போனோம். அதற்கு முன் ஒரு மணி நேரம் அவளுக்குப் பாடம் நடத்தினேன். வெளிர் நிறப் புடவையோ சுடிதாரோ போட்டுக்கொள். கையில் எதுவும் வேண்டாம், முக்கியமாகப் பூங்கொத்து வேண்டாம். வணக்கம் சொல்லாதே, சிரிக்காதே. அவரும் வா என்று சொல்ல மாட்டார், பயந்துவிடாதே. உட்கார். எப்படி ஆச்சு என்று கேள். கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வந்துவிடு. கடைசியாகச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் ஊரில் விருந்தில் இருபது பேர் இருந்தால் இருபது பேர் கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

மாலை போட்ட அண்ணனின் படத்தின் முன் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அக்கா எங்களைப் பார்த்தார், வா என்று சொல்லவில்லை. எலேன் தரையில் உட்கார்ந்தாள். பிறகு அவளுடைய உடைந்த தமிழில், "அண்ணனுக்கு எப்படி ஆச்சுக்கா?" என்றாள்.

அக்கா சொன்னார். ஆரம்பத்திலிருந்து சொன்னார். காலையில் மழையில் நனைந்துகொண்டு போய் ரொட்டி வாங்கி வந்தது, தலையைத் துவட்டிவிடச் சொன்னது, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றபடி நாற்காலியில் உட்கார்ந்தது, ஆட்டோ வருவதற்குள் தலை சாய்ந்தது. "டீ ஆறிப்போச்சுன்னு திரும்ப சுட வெக்கப் போனேன் எலேன். வந்து பாத்தா ஆளு இல்ல." எலேனுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் அழுதாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னத்தான் அன்னிக்கித் தேடினேன். அவ்ளோ கூட்டத்துல உன்னத் தேடினேன்" என்றார். எலேன் எதையோ சொல்லத் தொடங்கினாள், தமிழ் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். எழுந்தபோது பழக்கதோஷத்தில் வாசலில் திரும்பினாள். நான் அவள் கையைக் கிள்ளினேன். பேசாமல் படியேறினோம்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கடற்கரைச் சாலையில் மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை வண்டிகள் கிடையாது, நடக்க அதுதான் நல்ல நேரம். ஆட்டோவில் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் நகரத்துக்குள் வேறெதுவும் தேவையில்லை. வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் ஏழு மணிக்குள் போங்கள், கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் போங்கள். அங்கேயே கொஞ்ச காலம் தங்கப் போகிற வெளிநாட்டு நண்பர்கள் யாராவது உங்களுக்கு இருந்தால், விசா, கொசுவலை, இன்வெர்ட்டர் எல்லாம் அவர்களே தெரிந்துகொள்வார்கள். யாரும் எழுதி வைக்காத விஷயங்களை மட்டும் நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் வாழ்ந்த எனக்கே அது தோன்றாமல் போய்விட்டது.

ஞாயிறு காலை ஆறரை இருக்கும். எலேன் வாயில் பிரஷ்ஷோடு நின்றாள். பெட்டிகள் அப்படியேதான் கிடந்தன. கீழிருந்து குரல் வந்தது.

"எலேன்! மோட்டாரு போட்டிருக்கேன், டேங்கு ரொம்பிச்சான்னு பாரு!"

எலேன் பிரஷ்ஷோடு மொட்டை மாடிக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். "இன்னும் இல்லக்கா!" என்று கத்தினாள். அக்கா முற்றத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கோடைக்கு முன்னாடி மாடிக்குப் பெயிண்டு அடிக்கணும். செவுரெல்லாம் ஓதம் ஏறிக் கெடக்குது. நீதான இருக்கப் போற, என்னா கலர்னு சொல்லு."

எலேன் என்னைப் பார்த்தாள். மொழிபெயர்க்க வாயெடுத்தேன், அதற்குள் அவளே, "மஞ்ச, அக்கா!" என்றாள்.

"மஞ்சளா? பீச்சாண்ட இருக்கற ஓட்டல் மாதிரியா? அதெல்லாம் வாணாம். பச்ச அடிச்சிக்கலாம், கண்ணுக்குக் குளிர்ச்சி."

எலேன் என் பக்கம் திரும்பி, பச்சை தனக்கு ஆயுசுக்கும் பிடிக்காது என்று பிரெஞ்சில் சொன்னாள். சுவரைப் பிடித்துக் குனிந்து, தமிழில், "சரிக்கா!" என்றாள்.