அம்மாவின் பாதத்தை எடுத்த படங்கள்

அம்மாவின் வலது பாதத்தில் ஒரு கரும்புள்ளி. ஒரு மாதம் கழித்து மறுபடி படம் எடுத்து அனுப்புங்கள், பெரிதாகியிருந்தால் விடக்கூடாது என்று கிள்ளான் கிளினிக்கில் டாக்டர் சொல்லியிருந்தார்.

தங்கை தன் கைப்பேசியில் எடுத்தாள். புள்ளி முன்னைவிட வெளிறியிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் நாள் முழுக்க நிற்கிற அம்மாவுக்கு அன்றுதான் முகம் தெளிந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் வெறுங்காலோடு பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார்.

"முருகன் பாத்துக்கிட்டாரு. அனுப்பிவிடு லா," என்றார் என்னிடம்.

நான் அனுப்பவில்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கேமரா சென்சார்களைச் சோதிப்பது என் வேலை. ஒளி இரண்டு மடங்கானால் சென்சார் தரும் எண்ணும் இரண்டு மடங்காக வேண்டும். அந்த நேர்கோட்டைக் கைப்பேசி கண்ணுக்கு அழகாக வளைத்துவிடும். நிழலைத் தூக்கும். படத்தில் விழும் புள்ளிபுள்ளியான இரைச்சலைத் துடைக்கும்போது தோலின் ரேகைகளையும் சேர்த்துத் துடைக்கும். போதாததற்குத் தங்கையின் ஆப் எல்லாவற்றையும் வெளுப்பாக்கும். எங்கள் வீட்டில் கல்யாணப் படத்துக்குக்கூட யாரும் அதை அணைத்ததில்லை.

என் கேமராவில், எதையும் மாற்றாத கோப்பாக எடுத்தேன். மடிக்கணினியில் திறந்தால் இருண்டு கிடந்தது. திரைக்கு ஏற்ப வளைக்காத படம் அப்படித்தான் தெரியும். அதற்குள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏன் இவ்ளோ கறுப்பா இருக்கு? இவ்ளோ படிச்சும் கொஞ்சம் வெளுப்பாக் காட்டத் தெரியலையா ஒனக்கு?"

திரைக்கு ஏற்றபடி சரிசெய்து காட்டினேன். புள்ளியின் ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தது. முன்பும் அப்படித்தான் இருந்ததா? பழைய படத்தைத் தேடி எடுத்தேன். அதுவும் தங்கையின் அதே ஆப்பில் எடுத்தது. ஓரமே இல்லை, வழவழவென்று ஒரு கறை. துடைத்துப்போனதை எந்தக் கணக்கு போட்டும் திரும்ப எடுக்க முடியாது. ஒப்பிட ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை அம்மாவையே கிளினிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் படங்களைக் கேட்கவில்லை. பாதத்தில் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் வெட்டி எடுத்து டெஸ்ட் பண்ணணும் ஆன்டி. ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே எழுதித் தரேன்."

பால்குடம் எடுக்கலாமா என்று அம்மா கேட்டார். இந்த வருஷம் வேண்டாம் என்றார் டாக்டர்.

காரில் ஏறியதும் அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "தங்கச்சி எடுத்த படத்தையே நீ அனுப்பியிருந்தா, நான் பால்குடம் எடுத்திருப்பேன்."

"அதனாலதாம்மா அனுப்பல," என்றேன்.

சோதனை முடிவு இன்னும் வரவில்லை.