கீழடுக்குச் சாப்பாடு

என் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு படம் ஒட்டியிருக்கிறது. கார் பானட்டின் மேல் இரண்டு அடுக்கு டிபன் கேரியர் ஒன்று இருக்கும். அதைப் பிடித்திருக்கும் கை என்னுடையது. முகம் படத்தில் விழவில்லை. வண்டியில் ஏறுகிறவர்கள் சிலர், "என்னாப்பா, சாமி படம் வைக்கிற எடத்துல சோத்து டப்பாவ வச்சிக்கினு சுத்துற?" என்று கேட்பார்கள். நான் சிரித்துவிட்டுக் கியரைப் போடுவேன்.

படத்தை எடுத்தவர் என் வண்டியில் மூன்று நாள் சவாரி வந்த ஒரு மேடம். ஃபோட்டோவும் வீடியோவும் எடுப்பவர். ஆனால் கல்யாணம், காதுகுத்துக்கு எடுப்பவர் அல்ல. தன் குடும்பத்தையே எடுத்துக்கொண்டிருந்தார். அவர் அப்பா கோட்டக்குப்பத்து முஸ்லிம். அம்மா மேல்சித்தாமூர்ப் பக்கத்து ஜைன வீட்டுப் பெண். கல்யாணத்தோடு அந்த வீட்டுக்கும் அம்மாவுக்கும் பேச்சு நின்றுபோயிற்று. அப்பா, அம்மா இருவருமே இப்போது இல்லை.

"எங்கம்மா கடசி வரைக்கும் பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுருவாங்கண்ணே. இருட்டிட்டா ஜைனருங்க விடியற வரைக்கும் தண்ணிகூட தொடமாட்டாங்க. நோன்பு மாசத்துல அப்பா பொழுது சாஞ்சாத்தான் வாய நனைப்பாரு. அம்மா கை கழுவிக்கினு எழுந்தா அப்பா வந்து உக்காருவாரு. அந்த மாசம் முழுக்க ரெண்டு பேரும் ஒண்ணா சாப்ட்டு நான் பாத்ததே இல்ல" என்று திண்டிவனம் தாண்டும்போது சொன்னார். அம்மாவின் அண்ணன் எப்படியோ மனம் இறங்கி வரச் சொல்லியிருந்தார். அம்மா உட்கார்ந்து சாப்பிட்ட கூடத்தில் தானும் ஒரு வேளை சாப்பிட வேண்டும், அதைப் படமெடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அப்போதும் நோன்பு மாதம்தான். நான் நீட்டிய தண்ணீர் பாட்டிலை அவர் வாங்கவில்லை.

மாமா வீட்டில் கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தினார். என்னிடம் விளக்கைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். மாமாவுக்கும் அவருக்கும் எதிரெதிரே தட்டு வைத்தார்கள். "ஜல்தி சாப்புடும்மா, பொழுது போச்சுன்னா அப்பறம் போடமாட்டேன்" என்றார் அத்தை. மேடம் சோற்றைப் பிசைந்தார். பிசைந்த கை மேலே எழவில்லை. பிறகு ஒரு கவளத்தை எடுத்தார்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். அன்றைக்கு என்னை அறியாமல், "மேடம் நோன்புங்க" என்று சொல்லிவிட்டேன்.

அத்தையின் கரண்டி நின்றது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். மேடத்தின் மதத்தைப் பற்றி எந்தப் பேச்சை எடுக்காமல் அவர்கள் உட்கார்ந்திருந்தார்களோ அதை நான் நடுக்கூடத்தில் போட்டு உடைத்துவிட்டேன். விளக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

இருட்டிய பிறகுதான் மேடம் வந்தார். கண் சிவந்திருந்தது. கையில் டிபன் கேரியர். செஞ்சி ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். "ரெண்டு பேருக்கு இருக்கு. சாப்டுங்கண்ணே" என்று கீழடுக்கை எனக்குக் கொடுத்தார். டிரைவருக்கும் சேர்த்துக் கட்டிக்கொடுத்திருக்கிறார்களே, நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஆசையைக் கெடுத்துவிட்டோமே என்பதும் நெஞ்சில் இருந்தது. கேரியரை மூடி பானட்டில் வைத்தபோது ஒரு படம் எடுத்தார்.

படம் தபாலில் வந்தது. நன்றி சொல்லக்கூட நான் போன் செய்யவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவரே கூப்பிட்டார். "விழுப்புரத்துல ஒரு காலேஜ்ல ஒரு வாரம் படம் காட்டறோம், கண்டிப்பா வாங்கண்ணே" என்றார். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது; மேடம் ஊருக்குத் திரும்பிப் போன மறுநாள் பார்த்துத்தான் போனேன்.

இருட்டறையில் அந்தக் கூடம் ஓடிக்கொண்டிருந்தது. தட்டு, பிசைந்த கை, கவளம். திடீரென்று என் குரல்: "மேடம் நோன்புங்க." யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்தேன். விளக்கு சாய்ந்து கூடம் மங்கியது. நான் வெளியே வந்த பிறகு நடந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மாமா கேட்கிறார்: "நோன்பா?"

"ஆமா மாமா. பரவால்ல, இன்னிக்கு நோன்ப வுட்டுட்டு இன்னொரு நாளு வச்சுக்கலாம்."

"வேணாம், சோத்த கீழ வை. நோன்பு எங்களுக்கும் தெரியும். யாரு வச்சாலும் நோன்புதான்."

தன் தட்டையும் அவர் தள்ளி வைத்தார். "நீங்க சாப்புடுங்க, இருட்டிக்கினு வருது" என்று அத்தை பதறுகிறார். மாமா அசையவில்லை. ஜன்னல் வெளிச்சம் சுவரில் ஏறி, சிவந்து, அணைந்தது. பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "அங்க உங்கம்மா தனியாதான் சாப்டுவாளா?"

"நான் பக்கத்துல உக்காந்துக்குவேன் மாமா."

இருட்டில் அத்தை டிபன் கேரியரை எடுத்துவருகிறார். மேடத்தின் தட்டில் இருந்தது மேலடுக்குக்கும், மாமாவின் தட்டில் இருந்தது கீழடுக்குக்கும் போகிறது. படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. என் குரலை நான்கு தரம் கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் யாருக்கும் அது நான்தான் என்று தெரியாது.

வீட்டில் எனக்காகக் காத்திருப்பவர் யாரும் இல்லை. சவாரி முடிந்தால் ரோட்டோரம் நிறுத்தி வண்டியிலேயே சாப்பிட்டுவிடுவேன். அப்போதெல்லாம் எதிரே அந்த கேரியர் இருக்கும். மறுநாள் காலை வரை பச்சைத் தண்ணீர் இல்லாமல் ஒரு மனிதர் இருந்த ராத்திரி அது. அவரைக்காய்ப் பொரியல் நன்றாக இருந்தது. எனக்கு நல்ல பசி. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.